விட்டவர் சொல்ல வேண்டும்

"கொக்கி மட்டுந்தானுங்க பாக்கி" என்று நான் சொன்னால், அந்தத் துணியில் இன்னும் கத்தரியே படவில்லை என்று அர்த்தம். அன்னூரில் என் கடைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கிற பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தேதான் கேட்பார்கள், நானும் தெரிந்தேதான் சொல்வேன். "நாளைக்குப் பொழுதோட வந்து வாங்கிக்கோங்க" என்றால் அடுத்த வாரம். "அவசரமுங்களா?" என்று திருப்பிக் கேட்டால் அதற்கும் அடுத்த வாரம். தையற்காரி உண்மை பேச ஆரம்பித்தால் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். எனக்கு முன்னால் இதே கடையில் உட்கார்ந்திருந்த என் அப்பாவும் இப்படித்தான் பேசிப் பிழைத்தார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்களே, அந்த ஆயிரத்தில் பாதி எங்களைப் போன்றவர்கள் சொல்வது.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்தவருக்குப் பொய் சொல்லவே வராது. அவர் உத்தமர் என்று பெருமை பேச வரவில்லை. சிலருக்கு நீச்சல் வராது இல்லையா, அந்த மாதிரி. குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "உப்பு ஜாஸ்தி" என்பார். விருந்துக்கு வந்த ஒறம்பரை வீடு நிறைய உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அதேதான். எத்தனையோ நாள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் கால்பந்து ஆட்டக்காரர். கோவையில் ஒரு பஞ்சாலையின் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, பனியன்களில் எண் தைக்க அப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா வழக்கம்போல நாளைக்கு என்றார். இவர் சொன்னபடி மறுநாளே வந்து நின்றார். அப்பா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "கொக்கி மட்டுந்தானுங்க பாக்கி" என்று சொல்லிவிட்டார். இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பனியனுக்குக் கொக்கி இல்லீங்களே" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே அப்பாவுக்கு எடுத்துச் சொல்கிறார். பின்னால் பட்டன் தைத்துக்கொண்டிருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு கல்யாணத்தில் போய் முடிந்தது. பந்து ஒதைக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா என்று சொந்தத்தில் கேட்காத ஆள் இல்லை. அப்பாதான், "பையன் கள்ளம் கபடம் இல்லாதவனா இருக்கறான், இவ வாய்க்கு அவன்தான் சரி" என்று முடித்து வைத்தார்.

கல்யாணம் ஆன சூட்டோடு அவருடைய ஊருக்குப் போனோம். வால்பாறைக்கும் மேலே ஒரு தேயிலை எஸ்டேட். பொள்ளாச்சியில் பஸ் ஏறும்போது, "உனக்கு வாந்தி வருமா?" என்று கேட்டார். புதுப்பெண் அல்லவா, "அதெல்லாம் வராதுங்க" என்றேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் என் தலை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. "வராதுன்னு சொன்னியே" என்று வழி நெடுக ஆச்சரியப்பட்டுக்கொண்டு வந்தார்.

மாமியாரும் மாமனாரும் அந்த எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கிற லைன் வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து எஸ்டேட்டோடு பந்தாட்டம். தேயிலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்திய கிரவுண்டு. பட்டுச்சேலைக்கு மேல் மாமியாரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நானும் போய் உட்கார்ந்தேன். ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மேட்டுப் பக்கத்திலிருந்து மஞ்சு இறங்கியது. பனிமூட்டத்தை அங்கே மஞ்சு என்பார்கள். முதலில் அந்தக் கோடி கோல் போஸ்ட் மறைந்தது. பிறகு ஆட்கள். பிறகு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் முதுகைத் தவிர எல்லாமே வெள்ளையாகிவிட்டது.

ஆட்டம் நின்றுவிடும், எழுந்து போகலாம் என்று நான் சேலையைத் தூக்கிச் செருகினேன். ஒருவரும் எழவில்லை.

"அத்தை, ஆட்டம் நின்னுபோச்சுங்களா?"

"ஏன் நிக்கணும்? பேசாமக் கேளு."

கேட்டேன். ஈரத் தரையில் பந்து போகிற சத்தம். ஓடுகிற காலடிகள். "இங்க, இங்க" என்று ஒரு குரல், "விடு, எனக்கு" என்று வேறொரு பக்கமிருந்து இன்னொரு குரல். ஆடுகிறவர்களுக்குக் கேட்க வேண்டுமே என்று வேடிக்கை பார்க்கிற ஜனம் மூச்சுவிடவில்லை. வேடிக்கை பார்க்கிற ஜனம் என்றா சொன்னேன், பார்ப்பதற்கு அங்கே என்ன இருந்தது? ஆனாலும் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் தலைகள் எல்லாம் ஒன்றுபோல இடது பக்கம் திரும்பின, பிறகு ஒன்றுபோல வலது பக்கம் திரும்பின. அந்த வெள்ளைக்குள் பந்து எங்கே போகிறது என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. எனக்குக் கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டது.

அப்புறம் பலமாக ஒரு உதை. சளக்கென்று ஒரு சத்தம். ஒன்றுமே இல்லாமல் கொஞ்ச நேரம். பிறகு வலது கோடியிலிருந்து, களைத்துப்போன ஒரு குரல் வந்தது: "கோலு."

அதற்குப் பிறகுதான் பாதி ஜனம் எழுந்து குதித்தது.

"யாருங்கத்தை சொன்னது?"

"விட்டவன்" என்றார் மாமியார்.

கோல் போட்டவன் சொல்லவில்லை, ரெஃப்ரி சொல்லவில்லை. கோலை விட்ட கீப்பரே சொல்லியிருக்கிறான். சாயங்காலம், ஆடிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் குழாயடியில் சேறு கழுவிக்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"ரெஃப்ரி எதுக்கு இருக்கறாருங்க?"

"மஞ்சுக்குள்ள அவருக்கு மட்டும் என்ன தெரியும்? பந்து கோட்டத் தாண்டுச்சா இல்லியான்னு விட்டவனுக்குத்தான் தெரியும். அதனால அவன்தான் சொல்லணும்."

"இல்லைன்னு சொல்லிப்போட்டான்னா?"

"எதுக்குச் சொல்லணும்?"

வேண்டுமென்றே பேசுகிறாரா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை, அவருக்கு நிஜமாகவே என் கேள்வி புரியவில்லை. எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. அந்தக் கீப்பர் திரும்பி வரும்போது ஒருவர்கூட அவன் தோளில் தட்டி, பரவாயில்லை, உண்மையைச் சொன்னாய் என்று சொல்லவில்லையே. கேட்டேன்.

"பாராட்டுனா, இவன் பொய் சொல்லுவான்னு நெனச்சுட்டு இருந்தோம்னு ஆயிரும்ல" என்று சொல்லிவிட்டுச் சோப்பை எடுத்துத் தரச் சொன்னார்.

பிறகு அவர் ஆடியதெல்லாம் அந்த மஞ்சுக்குள் கற்ற ஆட்டம்தான். அவருடைய இடம் கீப்பருக்கு முன்னால், எதிராளியை மறிக்கிற ஸ்டாப்பர். பஞ்சாலை அணியிலிருந்து மாநில அணிக்குப் போனார். அங்கிருந்து கல்கத்தாவில் ஒரு கிளப் கூப்பிட்டுக்கொண்டது. ஒற்றை அறையில் குடித்தனம், கடுகு எண்ணெய் வாசனையில் எனக்குப் பாதி நாள் சோறு இறங்காது. ஆனால் கிரவுண்டுக்குப் போய்விட்டால் எல்லாம் மறந்துபோகும். காரமடைத் தேர் அன்றைக்கு எவ்வளவு ஜனம் கூடுமோ அவ்வளவு ஜனம், அவ்வளவு கூச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் இவர் காதால்தான் ஆடினார். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒருவன் பந்தோடு பாய்ந்து வருவான். நான் மேலே உட்கார்ந்து, "பின்னாடி, பின்னாடி" என்று தமிழில் கத்துவேன். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு காலை நீட்டுவார், பந்து அந்தக் காலில் வந்து நிற்கும். பக்கத்திலிருந்த வங்காளிப் பெண்கள் என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள், ஏதோ நான் நீட்டிய கால் மாதிரி. எப்படிங்க தெரிஞ்சுது என்று வீட்டுக்கு வந்து கேட்டால், "மூச்சு கேட்டுச்சு" என்பார். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியும் எனக்கு அந்த வியப்பு தீரவில்லை. இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

இந்திய அணிக்கு ஆள் எடுக்கிற முகாமுக்கு ஒரு தடவை கூப்பிட்டார்கள். கடைசியில் எடுக்கவில்லை. தெற்கத்தி ஆள் என்று ஒதுக்கிவிட்டார்கள், சிபாரிசு இல்லை, அது இது என்று ஊரில் சொல்ல நான் காரணங்களைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். இவர் என் அப்பாவுக்குப் போன் போட்டு, "என்னை விட நல்லா ஆடறவங்க வந்திருந்தாங்க மாமா" என்று சொல்லிவிட்டார். போனைப் பிடுங்கி வீசலாமா என்று வந்தது எனக்கு.

முட்டி போனதும் சத்தத்தோடுதான். எகிறித் தலையால் பந்தை முட்டிவிட்டுக் காலை ஊன்றும்போது, மடக் என்று உள்ளே கேட்டதாம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துச் சொல்வதற்கு முன்பே, "இனி ஆட முடியாது" என்று என்னிடம் சொன்னார். ஊர் திரும்பினோம். பஞ்சாலையையும் அதற்குள் மூடியிருந்தார்கள். நான் அப்பாவின் மிஷினில் உட்கார்ந்தேன். அவர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். காபி கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தும் அதே சுவர். என் வாழ்க்கையில் நான் பயந்த காலம் அதுதான்.

அவரை அந்தச் சுவரிடமிருந்து மீட்டது எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கிரவுண்டு. பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுக்க ஆள் தேடினார்கள். பயிற்சியாளர் படிப்பைப் படித்துத் தேறிவிட்டு வந்து சேர்ந்தார். முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், "பசிக்குது" என்றார். நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோசை வார்த்தேன்.

மறுநாள் கடைக்கு வந்து ரவிக்கை லைனிங் துணியில் மிச்சம் மீதியெல்லாம் பொறுக்கிக்கொண்டு போனார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஒரு பெண்ணின் அம்மா கடைக்கே வந்து, "ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு புள்ளைக கண்ணக் கட்டிப்போட்டுப் பந்தாட உடறாராமா, உளுந்து பல்லு கில்லு போச்சுன்னா யாரு கட்டிக்குவா?" என்று சண்டைக்கு நின்றார். "இன்னைக்கே கேட்டுப்போடறனுங்க" என்று அனுப்பிவிட்டு, கடையைப் பாதியில் சாத்திக்கொண்டு போய்ப் பார்த்தேன். கடுகு மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு என்று என் லைனிங் துணிகள் அந்தப் பிள்ளைகளின் கண்களில். ஒருத்தி குரல் கொடுக்க, இன்னொருத்தி அந்தக் குரலின் காலடிக்கே பந்தைத் தள்ளிவிடுகிறாள். ஒருத்தியும் விழவில்லை. அன்றைக்கு நான் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

அதே மாதிரி இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். பயிற்சி ஆட்டத்தில் பந்து கோல் பக்கம் போனால் இவர் முதுகைத் திருப்பிக்கொள்வார். "என்னாச்சு?" என்று கேட்பார். கீப்பர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கீப்பர் பதினொன்றாம் வகுப்புப் பெண். அப்பா மினிடோர் வண்டி ஓட்டுகிறார், அம்மா என் வாடிக்கை. நெட்டையாக இருப்பாள், பேச்சு குறைவு. "கோலுங்" என்றோ "இல்லீங்" என்றோ சொல்வதுதான் அவள் ஒரு நாளில் பேசுகிற மொத்தப் பேச்சு.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்தின் தாளாளர் பொறுப்பு பழைய தாளாளரிடமிருந்து அவர் மகனுக்கு வந்தது. மகன் இவரைக் கூப்பிட்டு மரியாதையாகவே சொன்னார்: "சார், அந்தக் கிரவுண்டுல நீட் கோச்சிங்குக்கு ஒரு கட்டடம் கட்டலாம்னு ரோசனைங்க. நம்ம புள்ளைக இந்த வருசம் மாவட்டத்துல ஜெயிச்சு ஸ்டேட்டுக்குப் போயிட்டாங்கன்னா கிரவுண்டு இருக்கட்டும், நீங்களும் இருங்க. இல்லீன்னா தப்பா நெனச்சுக்காதீங்க." இதை என் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் அப்படியே சொல்லிவிட்டார். வீட்டில் என்னிடம் சொன்னபோது எனக்குக் கண்முன்னால் வந்தது சம்பளம் இல்லை. அந்தச் சுவர்தான்.

பிள்ளைகள் ஜெயித்து ஜெயித்து இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள். ஆட்டம் கோயமுத்தூரில். அன்றைக்குக் கடை லீவு. யார் ரவிக்கை என்ன ஆனால் எனக்கென்ன என்று பஸ் ஏறிப் போய், எங்கள் கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டேன். காலையில் பெய்த மழையில் சுண்ணாம்புக் கோடு பாதி கரைந்துபோயிருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. இப்படியே முடிந்தால் பெனால்டி உதை. பெனால்டி என்று போய்விட்டால் எங்கள் நெட்டைச்சியைத் தாண்டி ஒருத்தியும் போட முடியாது, அது எனக்கே தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தால் போதும். காட்டு மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

அப்போது எதிரணிப் பெண் ஒருத்தி தூரத்திலிருந்து அடித்தாள். பந்து நெட்டைச்சியின் விரலைத் தாண்டி மேல்கம்பத்தின் அடியில் பட்டு, நேராகக் கீழே விழுந்து, சுழன்று வெளியே வந்தது. அவள் பாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். எதிரணி கையைத் தூக்கிக் கத்தியது. ரெஃப்ரி சேற்றில் வழுக்கிப் பின்னால் நின்றுவிட்டார். லைன்ஸ்மேனுக்கு முன்னால் பிள்ளைகளின் கூட்டம். கோல் இல்லை, ஆடுங்கள் என்று ரெஃப்ரி கையை வீசினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நெட்டைச்சி பந்தை உதைக்கவில்லை. கீழே வைத்தாள். அந்தக் கோடியில் நின்ற என் வீட்டுக்காரரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை.

"கோலுங் சார்" என்றாள் ரெஃப்ரியிடம். "உள்ள உளுந்துட்டுத்தான் வந்துச்சுங்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. கல்லிலிருந்து எழுந்து, "ஏ புள்ள, உன்னைய ஆரு கேட்டா? கம்முனு பந்தை ஒதை புள்ள" என்று கத்தினேன். கிரவுண்டு முழுக்கக் கேட்டிருக்கும். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ரெஃப்ரி அவளிடம் இன்னொரு முறை கேட்டார். அவள் இன்னொரு முறை சொன்னாள். விசில் ஊதி மையத்தைக் காட்டினார். அதற்கப்புறம் ஆட எங்களுக்கு நேரம் இல்லை. தோற்றோம்.

எதிரணிப் பயிற்சியாளர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அவருக்கே கண் கலங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று பார்த்தேன். "கொஞ்சம் பின்னாடி நின்னிருக்கணும் நீ. கை எட்டியிருக்கும்" என்றார். "சரிங் சார்" என்றாள். அவ்வளவுதான். தாளாளர் காரில் மாலை வைத்திருந்ததை நான் பார்த்தேன். அது காரிலேயே இருந்தது. "நேர்மையெல்லாம் சரிதானுங்க சார், ஆனாச் சொன்னது சொன்னதுதானுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

காந்திபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அன்னூர்வரை நான் வாயை மூடவில்லை. ஊர் உலகத்தில் எவன் இப்படிச் செய்வான், ரெஃப்ரியே கோல் இல்லை என்று சொன்ன பிறகு இவளுக்கென்ன கேடு, எல்லாம் நீங்கள் கொடுத்த படிப்பு என்று கொட்டித் தீர்த்தேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார், அவரையும் முறைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர், "நீ போஸ்ட்டுக்குப் பக்கத்துலதான இருந்த? உள்ள உளுந்துச்சா, இல்லியா?" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "உளுந்துச்சு" என்றேன்.

"அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வேலை போனது. கிரவுண்டில் பொக்லைன் இறங்கியது. அவரைச் சுவர்ப் பக்கம் போகவிடக் கூடாது என்று கையோடு கடைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சும்மா உட்கார வேண்டாமே என்று ஊசியைக் கொடுத்தேன். கடையின் உள்பக்கம் முட்டியை நீட்டி உட்கார்ந்து கொக்கி தைக்கப் பழகினார். ஒரு கொக்கிக்கு அரைமணி. காபி கொடுத்தால் குடிப்பார், அவராகக் கேட்கமாட்டார்.

அப்படி ஒரு சாயங்காலம் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடச் சீருடையில், இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு மேஜைக்கு எதிரில் நின்றாள்.

"ஏனுங்கக்கா, சாரு வேலை என்னாலதான் போச்சுங்களா?"

என் வாயில் பதில் தயாராக இருந்தது. அளவெடுத்து வெட்டியது மாதிரி கச்சிதமான பதில்: அட இல்ல கண்ணு, சாருக்கு முட்டி வலி தாங்கலை, அவராத்தான் நின்னுக்கிட்டார். அவள் நம்பியிருப்பாள், நிம்மதியாகப் போயிருப்பாள். கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது, பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது அவளைப் பார்க்க. உள்ளே அவர் தலையைத் தூக்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும், முதுகுக்குப் பின்னால் வருகிற மூச்சையே கேட்கிறவர். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முறை கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது நான் ஒருத்தி மட்டும்தான்.

"ஆமாங்கண்ணு" என்றேன். "அதனாலதான் போச்சு."

அவள் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"சரிங்" என்றாள். பிறகு என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, "ஏனுங் சார், நாளைக்குப் பிராக்டிஸ் எங்கீங்?" என்றாள்.

அவர் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார்.

"குளத்துல தண்ணி இல்ல. அங்க வந்துருங்க எல்லாரும். வெடியறதுக்குள்ள வரணும்" என்றார். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "பசிக்குது" என்றார் என்னைப் பார்த்து.

அவள் படியிறங்கியவள், நினைவு வந்து திரும்பினாள். "அம்மா ரவிக்கை ஆச்சான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க்கா."

"இன்னும் வெட்டவே இல்ல கண்ணு" என்றேன்.

அதற்கும் அவள் "சரிங்" என்றாள்.